அப்பா கடையில் கூட்டிய முடி

மதுரை செல்லூரில் அப்பாவின் சலூனில் மூன்று நாற்காலிகள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஷட்டரைத் தூக்கினால் மதியம் மூன்று வரைக்கும் ஒன்றுகூடக் காலியாக இருக்காது. பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் அவருக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோவது என் வேலை. கடைக்குள் கால் வைத்ததும் நான் முதலில் பார்ப்பது தரையைத்தான். கறுப்பும் நரையும், மருதாணி போட்டுச் செம்பட்டை ஏறியதும், குழந்தைகளின் பூனைமுடியும் கலந்து நாற்காலிக் காலைச் சுற்றிக் கிடக்கும். அப்பா தேய்ந்த சீமாற்றை எடுத்து எல்லாவற்றையும் மூலைக்கு ஒதுக்குவார். ஒதுக்க ஒதுக்க அது உருண்டு திரண்டு, கடைசியில் ஒரு கறுப்பு ஆட்டுக்குட்டி சுருண்டு படுத்திருப்பதுபோல ஆகிவிடும். இரண்டு கையாலும் அள்ளி உரச்சாக்கில் போட்டு, காலால் மிதித்து அமுக்குவார்.

"தலையில இருக்குற வரைக்கும்தான் தாயி அது முடி. தரையில விழுந்தா மயிரு" என்பார். வசவாகச் சொல்லமாட்டார், தொழில் கணக்காகச் சொல்வார். தலையில் இருப்பதை வெட்டுவதற்கு வருகிறவர் காசு கொடுப்பார். தரையில் கிடப்பதை அப்புறப்படுத்த நாம் காசு கொடுக்கவேண்டும்.

நான் வேதியியல் படித்து இன்று ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். சில வருடங்களாக என் மனசைப் பிடித்து வைத்திருப்பது அந்தச் சாக்குதான். முடி, கோழி இறகு, ஆட்டு ரோமம், கொம்பு, குளம்பு, நகம் எல்லாம் கெரட்டின் என்ற ஒரே குடும்பத்துப் புரதத்தால் ஆனவை. இவற்றைக் காற்றுப் படாமல் சுட்டால் கரி கிடைக்கும். அதைச் சரியாகப் பக்குவப்படுத்தினால் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும், சாயத் தண்ணீரைத் தெளியவைக்கும். இதைப் பற்றி நான் படித்ததையும் என் கையால் செய்து பார்த்ததையும் எழுதி வைக்கவேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் அந்தச் சாக்கு எங்கே போகிறது என்று சொல்லிவிடுகிறேன். நீள முடிக்கு எப்போதும் விலை உண்டு. எங்கள் தெருவில் பெண்கள் தலைவாரும்போது கழிகிறதைச் சுருட்டி ஓட்டு இடுக்கில் செருகி வைத்திருப்பார்கள். சவுரி முடி வாங்குகிறவர் கூவிக்கொண்டு வந்தால் கொடுத்துவிட்டு ஊக்கோ சின்னப் பாத்திரமோ வாங்கிக்கொள்வார்கள். திருப்பதியிலும் பழனியிலும் காணிக்கை முடி ஏலம் போகிறது. சலூனில் விழுவதோ ஒரு இஞ்ச், இரண்டு இஞ்ச். அதைக் கேட்டு எங்கள் கடைக்கு யாரும் வந்ததில்லை. குப்பை வண்டி எடுத்தால் அவனியாபுரம் வெள்ளைக்கல் கிடங்குக்குப் போகும். எடுக்காத நாட்களில் இரவோடு இரவாக வைகைக் கரையிலோ ஏதாவது ஒரு கண்மாய் ஓரத்திலோ சாக்குகள் விழும், முடியும் இறகும் சேர்ந்தே. மழை பெய்து தண்ணீர் ஏறினால் சாக்கு பிய்ந்து எல்லாம் மிதக்கும். மடைக்கம்பியில் சுற்றிக்கொள்ளும். அடுத்த கோடையில் தண்ணீர் வற்றிய பிறகு போய்ப் பார்த்தால் அதே முடி, அதே கறுப்பு, மண்ணோடு பின்னிக்கொண்டு கிடக்கும்.

மட்காததற்குக் காரணம் கந்தகம். கெரட்டினில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் நிறைய. ஒவ்வொரு சிஸ்டீனின் நுனியிலும் ஒரு கந்தக அணு. பக்கத்துப் பக்கத்து இழைகளில் இருக்கும் இரண்டு கந்தக அணுக்கள் கைகோத்துக்கொண்டால் இழைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். இப்படி ஒரு முடிக்குள் எண்ணிமாளாத பூட்டுகள். தண்ணீர் கரைக்காது, வயிற்று அமிலம் செரிக்காது, நுண்ணுயிர்களில் சிலவற்றால் மட்டும்தான், அதுவும் மெதுவாகத்தான், தின்ன முடியும். மனித முடியை எடை போட்டுப் பிரித்தால் கரி, அதாவது கார்பன், ஏறத்தாழ 45 சதவீதம், ஆக்சிஜன் 28, நைட்ரஜன் 15, ஹைட்ரஜன் 7, கந்தகம் 5 என்று வரும். 5 சதவீதக் கந்தகம் என்பது உயிருள்ள உடம்பிலிருந்து வருகிற ஒரு பொருளுக்கு ரொம்ப அதிகம்.

இந்தப் பூட்டு விஷயம் அப்பாவுக்கு எனக்கு முன்பே தெரியும். சுருட்டை முடியை நேராக்கும் க்ரீமில் பெரும்பாலும் தயோகிளைகோலேட் என்ற உப்பு இருக்கும். அது கந்தகப் பூட்டுகளை அவிழ்த்துவிடும். அப்போதுதான் கடையில் அழுகின முட்டை மாதிரி ஒரு நெடி அடிக்கும். முடியை நேராகச் சீவிப் படியவைத்துவிட்டு இன்னொரு திரவத்தைப் பூசுவார்கள். அதில் ஹைட்ரஜன் பெராக்சைடு. அது புதிய இடத்தில் மறுபடி பூட்டும். "தெறந்து, நேராக்கி, திரும்பப் பூட்டுறது, அம்புட்டுத்தான்" என்பார். கல்லூரியில் இந்தப் பாடம் வரும்போதெல்லாம் அப்பா சொன்னபடிதான் நடத்துகிறேன். பிள்ளைகளுக்கு அப்படிச் சொன்னால்தான் புரிகிறது.

சரி, கரிக்கு வருவோம். எம்.ஃபில். படிக்கும்போது, 2014இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை கைக்கு வந்தது. சீனாவில் மனித முடியைக் கரியாக்கி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் சேர்த்து 800 டிகிரியில் சுட்டு, அதை சூப்பர் கெப்பாசிட்டரின் மின்முனையாகப் பயன்படுத்தியிருந்தார்கள். பேட்டரி மாதிரி வேதிமாற்றத்தில் மின்சாரத்தைச் சேமிக்காமல், மின்னூட்டத்தைக் கரியின் பரப்பில் ஒட்டவைத்துச் சேமிப்பது சூப்பர் கெப்பாசிட்டர். நொடிகளில் ஏறும், நொடிகளில் இறங்கும். பரப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு சேமிக்கலாம். அந்த முடிக்கரியின் பரப்பு ஒரு கிராமுக்கு 1306 சதுர மீட்டர் என்று போட்டிருந்தது. நான் நோட்டின் ஓரத்திலேயே கணக்குப் போட்டேன். ஒரு சென்ட் என்பது ஏறத்தாழ 40.5 சதுர மீட்டர். அப்படியென்றால் 32 சென்ட். ஒரு கிராம் கரிக்குள் 32 சென்ட் நிலம் மடிந்து கிடக்கிறது. எங்கள் வீடு இருப்பது ஒன்றேகால் சென்டில்.

சேமிப்புத் திறன் கிராமுக்கு 340 ஃபாரட் வந்திருந்தது. 20,000 தடவை ஏற்றி இறக்கியும் அது பெரிதாகக் குறையவில்லை. அந்தத் திறன் வெறும் பரப்பால் மட்டும் வந்ததில்லை என்பதுதான் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. முடியில் இருந்த நைட்ரஜனிலும் கந்தகத்திலும் ஒரு பகுதி ஆவியாகிப் போகாமல் கரியின் சட்டத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அறுகோணமாக அடுக்கியிருக்கும் கரி அணுக்களில் ஒன்றிரண்டு இடங்களில் கரிக்குப் பதில் நைட்ரஜன் உட்கார்ந்துகொள்கிறது. அதனிடம் கூடுதலாக எலக்ட்ரான் உண்டு. அந்த இடங்களில் தண்ணீர் நன்றாக ஒட்டும், அயனிகள் நெருங்கி வரும், பரப்பில் ஒட்டுவதோடு நிற்காமல் சின்னச் சின்ன வேதிமாற்றமும் நடந்து மின்னூட்டம் கூடும். மற்ற கரிகளில் இந்த நைட்ரஜனைச் சேர்க்க யூரியா, மெலமின் என்று வெளியிலிருந்து கலக்கிறார்கள். முடியில் அது பிறப்பிலேயே இருக்கிறது. எந்தப் பூட்டினால் முடி கண்மாயில் மட்காமல் கிடந்ததோ அதே கந்தகத்தின் மிச்சம் கரிக்குள் போய் வேலை செய்கிறது.

மயிரைக் கட்டி மலையை இழு, வந்தால் மலை, போனால் மயிர் என்று எங்கள் அப்பத்தா சொல்லும். நானும் இழுத்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

முதல் தடவை மோசமாகப் போயிற்று. எங்கள் துறையில் மஃபிள் ஃபர்னஸ் என்ற ஒரு மின் உலை இருக்கிறது. அப்பா கடையிலிருந்து ஒரு பை முடி கொண்டுபோனேன். துணிக்குப் போடும் சோப்புத்தூளில் அலசி எண்ணெய் நீக்கி, வெயிலில் உலர்த்தி, பத்து கிராம் எடைபோட்டு, க்ரூசிபிள் என்ற சூடு தாங்கும் கிண்ணத்தில் அடைத்து மூடி, 500 டிகிரிக்கு வைத்தேன். மூடி சரியாக உட்காரவில்லை. அரைமணி நேரத்தில் நெடி மாடி முழுக்கப் பரவிவிட்டது. மயிர் பொசுங்கும் நெடி எல்லாருக்கும் தெரியும், ஆனால் இது தொண்டையைப் பிடித்தது. இரண்டு வகுப்புகளை வெளியே அனுப்பவேண்டியதாயிற்று. கெரட்டின் சிதையும்போது அம்மோனியா, ஹைட்ரஜன் சல்ஃபைடு, கொஞ்சம் ஹைட்ரஜன் சயனைடும் வரும். மூன்றும் நச்சு. புகைபோக்கி இல்லாமல் அதைச் செய்தது என் தவறு. படித்திருந்தும் செய்தேன், இன்றுவரை அது உறுத்துகிறது. மறுநாள் திறந்து பார்த்தபோது க்ரூசிபிளில் சாம்பல் மட்டும் இருந்தது. காற்றுப் புகுந்ததால் கரி எரிந்துபோயிருந்தது. இதைப் படிக்கிற யாரும் வீட்டு அடுப்பில் முயன்று பார்க்கவேண்டாம், கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது தடவை, எங்கள் லேப் அசிஸ்டென்ட் அண்ணன் ஒரு யோசனை சொன்னார். அவர் தம்பி தெற்காவணி மூல வீதிப் பக்கம் நகைப் பட்டறையில் வேலை பார்க்கிறார். "மேடம், அவுக தங்கம் உருக்குற மூசை ஒண்ணு வாங்கிட்டு வர்றேன். பெரிய மூசைக்குள்ள சின்ன மூசைய வச்சு, சுத்தி அடுப்புக்கரித் தூள அடைச்சிருவோம். காத்து உள்ள வந்தா மொதல்ல அந்தத் தூளுதான் எரியும்." அப்படியே செய்தோம். இந்த முறை புகைபோக்கிக்குக் கீழே, கதவு ஜன்னலெல்லாம் திறந்து வைத்து, பிள்ளைகள் இல்லாத சனிக்கிழமையில்.

ராத்திரி முழுக்க ஆறவிட்டுக் காலையில் மூசையைக் கவிழ்த்தேன். முடி முடியாக எதுவும் வரவில்லை. ஒரே கட்டியாக, மினுமினுவென்று, தேன்கூட்டைப் பிட்டு வைத்தமாதிரி ஒன்று விழுந்தது. விரலால் நசுக்கினால் கண்ணாடித் துண்டு மாதிரி சலசலத்து உடைந்தது. ஒவ்வொரு துண்டிலும் குமிழ் குமிழாகக் குழிகள். முடி கரியாவதற்கு முன்னால் உருகுகிறது. 230 டிகிரி வாக்கில் கெரட்டினின் சுருள் அவிழ்ந்து குழம்பாகிறது. உள்ளிருந்து கிளம்பும் ஆவி அந்தக் குழம்பை ஊதிப் பொங்கவைக்கிறது. பொங்கிய நிலையிலேயே அது இறுகிவிடுகிறது. பத்து கிராமில் மூன்று கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைத்தது. அதைக் காகிதத்தில் மடித்து அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நம்ம கடை முடியா?" என்று மட்டும் கேட்டார்.

உருகுவது முடிக்குப் பெரிய தொல்லையில்லை, எப்படியும் பொடிதானே செய்யப்போகிறோம். கோழி இறகுக்குத்தான் அது சிக்கல். இறகில் ஏறத்தாழ 90 சதவீதம் கெரட்டின். அதன் மெல்லிய இழைகள் உள்ளே கூடாக இருக்கும். அந்தக் குழாய் வடிவம் கெடாமல் கரியாக்கினால் வாயுக்களைச் சேமிக்க உதவும். அமெரிக்காவில் டெலவேர் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் வூல் என்ற பேராசிரியர் இதில் நிறைய வேலை செய்தார். இறகுக் கரியில் ஹைட்ரஜனைச் சேமித்து வாகனம் ஓட்டலாம் என்று 2009இல் அவரும் அவருடைய மாணவரும் ஒரு மாநாட்டில் எடுத்துச் சொன்னார்கள். அவர்கள் கண்டுபிடித்த பக்குவம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இறகை நேராகப் பெரும் சூட்டில் போடாமல், உருகும் நிலைக்குச் சற்றுக் கீழே 215 டிகிரியில் பல மணி நேரம் வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் இழைகளுக்கிடையே புதிய பிணைப்புகள் விழுகின்றன. அப்புறம் 400 டிகிரிக்கு மேல் போனாலும் இறகு உருகிக் குலையாமல் நிற்கிறது. வற்றலை வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகுதானே எண்ணெயில் போடுகிறோம். ஈரத்தோடு போட்டால் அது வற்றலாகவா வரும்?

இறகுக்காக நான் போனது எங்கள் தெருமுனை பிராய்லர் கடைக்கு. பாய் எனக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் பின்னால் ஒரு நீல ட்ரம்மைக் காட்டினார். இறகு, தோல், குடல், ரத்தம் எல்லாம் அதற்குள்தான். காலையில் போட்டது மதியத்துக்குள் நொதித்து, மூடியைத் தூக்கினால் ஈ எழும்புகிறது. மதுரை வெயிலில் வேறு எப்படி இருக்கும்? ஒரு கோழியின் எடையில் 5 முதல் 7 சதவீதம் இறகு. ஞாயிறு ஒருநாளில் இந்த ஒரு தெருவில் எத்தனை கோழி என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். "எறக மட்டும் தனியா வேணும்னா, எந்திரத்துல போடும்போதே ஆளு நின்னு அள்ளணும்மா. அதுக்கு ஒரு கையி வேணும். அந்தக் கைக்குச் சம்பளம் யாரு குடுப்பா?" என்றார். அன்று இரண்டு கோழியின் இறகை மட்டும் பிரித்து வாங்கி வந்தேன். வீட்டில் அலசி முடிக்க ஏழு பக்கெட் தண்ணீர் ஆயிற்று. அம்மா அந்தப் பக்கெட்டை அப்புறம் வீட்டுக்குள் விடவில்லை.

பாய் கேட்ட கேள்வியை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். ஆய்வுக் கட்டுரைகளை எடுத்துப் பார்த்தால் முதல் பத்தியிலேயே ஒரு வரி இருக்கும்: முடியும் இறகும் ஏராளமாக, இலவசமாகக் கிடைக்கின்றன. ஏராளமாகக் கிடைப்பது உண்மை. இலவசம் என்று சொல்கிறவர் ஒரு நாள் சீமாற்றைப் பிடித்துப் பார்க்கவேண்டும். சலூன் சாக்கில் முடி மட்டும் இருக்காது. சேவிங் நுரை துடைத்த காகிதம், பஞ்சு, பவுடர், டை பாக்கெட், வெற்றிலைக் காம்பு, பாதியாக முறித்த பிளேடு. ஒரு தடவை கையை உள்ளே விட்டு நடுவிரல் கிழிந்தது. இரண்டு தையல் போட்டு டிடி ஊசியும் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகுதான், அப்பா முப்பது வருடமாக எதைக் கையால் அள்ளிக்கொண்டிருந்தார் என்று எனக்கு உறைத்தது.

கரி செய்து முடித்ததும் வேலை முடிவதில்லை. வெறும் கரியை மெத்திலீன் நீலம் என்ற சாயத்தின் கரைசலில் போட்டுக் குலுக்கினேன். சாயம் லேசாக வெளுத்ததோடு சரி. துளைகள் திறக்கவேண்டும். அதற்குத்தான் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. கரியோடு அதைக் கலந்து, நைட்ரஜன் ஓட்டத்தில் 700, 800 டிகிரிக்குக் கொண்டுபோனால் அது உருகிக் கரியை அரித்துக்கொண்டு உள்ளே போகும். கரியின் ஒரு பகுதி கார்பனேட்டாக மாறும், ஹைட்ரஜன் வெளியேறும், பொட்டாசியம் உலோகமாகப் பிரிந்து கரி அடுக்குகளுக்கு நடுவே புகுந்து அவற்றை விலக்கும். இப்படி உண்டாகும் துளைகளில் பெரும்பாலானவை இரண்டு நானோமீட்டருக்கும் சின்னவை. எங்கள் கல்லூரியில் இதற்கான குழாய் உலை கிடையாது. ஆராய்ச்சி செய்யும் ஒரு தோழியின் ஆய்வகத்தில் செய்தோம். பீங்கான் க்ரூசிபிளை அந்தக் காரம் தின்றுவிடும் என்பதால் நிக்கல் பாத்திரம். ஆறிய பிறகும் நைட்ரஜனை உடனே நிறுத்தக்கூடாது. உள்ளே ஒட்டியிருக்கும் பொட்டாசியம் காற்றும் ஈரமும் பட்டால் தீப்பிடிக்கும்.

அப்புறம் கழுவல். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு தடவை, பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரில் திரும்பத் திரும்ப, லிட்மஸ் நிறம் மாறாமல் நிற்கும் வரைக்கும். ஒரு கிராம் கரிக்கு நாங்கள் கேன் கேனாகத் தண்ணீர் ஊற்றினோம். குடிதண்ணீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் ஊரில் அதைச் சாக்கடையில் விட மனசு வரவில்லை. இந்த வழியைப் பெரிய அளவில் செய்கிறவர்கள் அந்தக் காரத்தையும் தண்ணீரையும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்தாவிட்டால், ஒரு குப்பையைத் தீர்த்து இன்னொன்றை உண்டாக்கியதாகத்தான் முடியும்.

கழுவிக் காயவைத்த பொடியில் ஒரு சிட்டிகையை மறுபடி அதே நீலத்தில் போட்டேன். குலுக்கி வடிகட்டினேன். குடுவைக்குள் நிறம் இல்லை. வெள்ளைக் காகிதத்தை அடியில் பிடித்துப் பார்த்தேன், சாதாரணத் தண்ணீர் மாதிரி இருந்தது. தோழி பேசாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மதுரைக்காரிக்குச் சாயத் தண்ணீர் என்றால் சுங்குடிதான் நினைவுக்கு வரும். 2005இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை அது. முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி எடுத்தபின் அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று அதைக் கட்டும்போது யாரும் நினைப்பதில்லை. சுங்குடிச் சாயங்கள் மெத்திலீன் நீலத்தின் வகையில்லை, அவற்றுக்குத் தனியாகச் சோதிக்கவேண்டும். அந்த வேலையை இந்த வருடம் இரண்டு மாணவிகள் எடுத்திருக்கிறார்கள்.

கந்தகம் தங்கிய கரிக்கு இன்னொரு குணமும் உண்டு. பாதரசத்துக்கும் கந்தகத்துக்கும் ஒட்டு அதிகம். ஆய்வகத்தில் தெர்மாமீட்டர் உடைந்தால் சிதறிய பாதரசத்தின்மேல் கந்தகப்பொடி தூவுவது அதனால்தான். நமக்கு மேலே கொடைக்கானலில் ஒரு தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது. அது விட்டுப்போன பாதரசம் மலையின் மண்ணிலும் நீரிலும் எவ்வளவு காலம் பேசுபொருளாக இருந்தது என்பது இந்தப் பக்கத்து மக்களுக்குத் தெரியும். பாதரசத்தைப் பிடிக்கும் கரிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்த மலைதான் என் கண்முன் வருகிறது.

தேங்காய்ச் சிரட்டைக்கரி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று ஒரு சகபேராசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. காங்கேயம் பக்கம் சிரட்டைக்கரி டன் கணக்கில் செய்கிறார்கள். சிரட்டை காய்ந்தது, கெட்டியானது, நெடி கிடையாது, சேர்த்து வைத்தால் அழுகாது. தண்ணீர் வடிகட்ட அதுவே போதும். அதோடு முடியைப் போட்டிக்கு நிறுத்தவேண்டியதில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். நைட்ரஜனும் கந்தகமும் கரிக்குள் இருந்தால்தான் நடக்கும் வேலைகள் சில இருக்கின்றன: மின்முனை, எரிமின்கலத்தின் (ஃப்யூயல் செல்) வினையூக்கி, உலோக அயனிகளைப் பிடிப்பது. அங்கே முடிக்கும் இறகுக்கும் இடம் உண்டு. மின்முனை வேலைக்கு நாம் தூரதேசம் போகவும் வேண்டாம். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இங்கிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம்தான்.

2020இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஒரு சலூனில் வெட்டிய முடியை வாங்கி, 240 டிகிரியில் சுட்டு, ஒளிவிடும் கரி நுண்துகள்களை எடுத்து, வளைக்கக்கூடிய திரையில் பயன்படுத்தியதாகச் செய்தி வந்தது. குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் செய்தது. கொரோனா காலம், கடை பாதி நாள் மூடிக் கிடந்தது. அப்பா வீட்டில் சும்மா உட்கார முடியாமல் கத்தரிகளைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார். நான் செய்தியைத் தமிழில் சொன்னேன். கேட்டுவிட்டு, "அங்கயும் ஒரு ஆளு கூட்டித்தான குடுத்திருப்பாரு? அவரு பேரு போட்டுருக்கா?" என்றார். செய்தியில் கடையின் பெயர் இருந்தது. அதைப் படித்துக் காட்டினேன். திருப்தியாகத் தலையாட்டினார்.

முடி ஒரே இடத்தில், ஒரே நாளில், மற்ற குப்பை கலக்காமல் விழுவதை மதுரைக்காரர்கள் எல்லாரும் பார்த்திருப்போம். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளன்று வைகைக் கரை நெடுக மொட்டை போடுவார்கள். அப்பாவும் இளவயதில் கத்திப்பெட்டியோடு போவார். ஐந்தாறு வயதில் ஒரு தடவை என்னையும் தோளில் வைத்துக் கூட்டிப்போனார். ஈரத் தலைகள், சந்தனம், பீய்ச்சியடிக்கும் தண்ணீர், காலடியில் மல்லிகைச் சரத்தோடு சிக்கிக்கிடந்த நீள நீள முடி. சாயங்காலம் அதில் நீளமானதைப் பொறுக்கிக்கொண்டு போனார்கள். குட்டை முடி மணலில் கிடந்தது. அன்றைக்கு ஒரு சாக்கை விரித்துப் போட ஆள் இருந்திருந்தால் என்று இப்போது நினைக்கிறேன்.

உலையையும் காரத்தையும் பற்றி எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து இந்த ஊரில் இது தொடங்கவேண்டிய இடம் சலூனில் இரண்டாவது சாக்கு, பிராய்லர் கடையில் இரண்டாவது ட்ரம். வெட்டிய முடி மட்டும் ஒரு சாக்கில், சேவிங் கழிவு இன்னொன்றில். பிரித்துக் கொடுக்கும் கைக்கு ஒரு கிலோவுக்கு இவ்வளவு என்று காசு. முடி காய்ந்த பொருள், ஒரு மாதம் மூட்டையில் கிடந்தாலும் கெடாது. அதனால் முதலில் முடி, இறகு அப்புறம். எங்கள் சலூன்காரர் சங்கத்துக் கூட்டத்தில் அப்பா இதைப் பேசினார். காசு யார் தருவது என்று கேட்டார்கள். இப்போதைக்கு என் ஆய்வுக்குத் தேவையான கொஞ்சத்துக்கு நான் என் கையிலிருந்து கொடுக்கிறேன், மூன்று கடைகளுக்கு. அப்பா மட்டும் வாங்க மறுக்கிறார்.

செவ்வாய்க்கிழமை சலூனுக்கு விடுமுறை. போன வாரம் கல்லூரி விட்டு நேராகக் கடைக்குப் போனேன். ஷட்டரைப் பாதி தூக்கி வைத்துவிட்டு அப்பா உள்ளே குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் செய்தித்தாள் விரித்திருந்தது. அதில் முடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பி, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை ஒரு குச்சியில் கட்டி, மேலாக மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் நாலைந்து பிளேடுத் துண்டுகள். கட்டி முடித்த சாக்கை என் பக்கம் தள்ளினார்.

"இதுல கைய விடலாம் தாயி. ரெண்டு தடவ பாத்துட்டேன்."